எத்தனை கிலோ என்று மட்டும் கேட்காதீர்கள்: குறைமாதக் குழந்தை விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைமாதத்தில் ஒரு குழந்தை பிறந்ததும் சுற்றியிருப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ?" என்பதுதான். பெற்றோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். இன்று 15 கிராம் ஏறினால் உயிர் வருகிறது, நாளை 10 கிராம் இறங்கினால் அழுகை வருகிறது. எடை முக்கியம்தான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எத்தனை வாரத்தில் பிறந்தது?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் குறைமாதம். 33 வாரத்தில் 2 கிலோவோடு பிறந்த குழந்தையும், 39 வாரத்தில் அதே 2 கிலோவோடு பிறந்த குழந்தையும் தராசுக்கு ஒன்றுதான். உடம்புக்குள் ஒன்றல்ல. முதல் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றும் இன்னும் ஒழுங்காகச் சேர்ந்து வராது. இரண்டாவது குழந்தையின் நுரையீரல் தயார், ஆனால் வயிற்றுக்குள் சரியாக வளராததால் அதன் ரத்தச் சர்க்கரை சட்டென்று குறையலாம். கவலைகள் வேறு, கவனிப்பும் வேறு. கீழே வரும் தவறுகளில் பல, தராசை மட்டுமே பார்ப்பதால் வருபவை.

முதல் தவறு குழந்தை பிறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வயிறு இறுக்கிப் பிடித்து விடுகிறது, லேசாக நீர் கசிகிறது. "சூட்டு வலியாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்துவிடுகிறார்கள். அந்த ஓர் இரவின் விலை மிகப் பெரியது. குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்வதற்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972-ல் அதன் பலனைக் காட்டினார்கள். முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பிரசவ மேசையில் ஏறிய பிறகு அந்த ஒரு நாளை யாராலும் கொடுக்க முடியாது. அதேபோல, பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்ஐசியூ) உள்ள மருத்துவமனைக்குப் போவதென்றால் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே போய்விடுவது நல்லது. எவ்வளவு நல்ல ஆம்புலன்ஸும் கருப்பைக்கு ஈடாகாது.

எட்டாம் மாதக் குழந்தையைவிட ஏழாம் மாதக் குழந்தை நன்றாகப் பிழைக்கும் என்றொரு நம்பிக்கை பழங்கிரேக்க மருத்துவர்கள் காலத்திலிருந்தே உலவுகிறது. அது தவறு. கருப்பைக்குள் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். அதற்காக 34, 35, 36 வாரத்தில் பிறந்த குழந்தையை முழு மாதக் குழந்தை போல நடத்துவதும் தவறு. பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், இன்குபேட்டரும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் பசித்தாலும் அழாமல் தூங்கும். "சமத்தாகத் தூங்குகிறது" என்று விட்டுவிட்டால், பால் குறைந்து, மஞ்சள்காமாலை ஏறி, நாலைந்து நாளில் திரும்பவும் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுங்கள்.

தாய்ப்பாலுக்கு வருவோம். குழந்தை என்ஐசியூவில் இருக்கிறது, வாய்வழியாக இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. "குழந்தை குடிக்க ஆரம்பித்ததும் பால் எடுக்கலாம்" என்று தாய் காத்திருக்கிறார். காத்திருக்கக் கூடாது. பிறந்த சில மணி நேரத்திலேயே கையாலோ பம்ப்பாலோ எடுக்கத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முறையாவது, இரவு உட்பட. முதல் நாளில் சிரிஞ்சின் அடியில் மஞ்சளாக இரண்டு மூன்று துளிதான் நிற்கும். "இதுக்குப் போய் என்ன" என்று துடைத்துப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சீம்பாலைக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவினாலே போதும் என்ற நிலையில்தான் பல குழந்தைகள் இருக்கும். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதற்கு எதிராக நம் கையில் இருக்கும் மிகச் சிறந்த பாதுகாப்புகளில் ஒன்று தாய்ப்பால்.

தொடப் பயப்படுவது அடுத்தது. "இத்தனை ஒயர், இத்தனை டியூப், நான் தொட்டால் ஏதாவது ஆகிவிடும்" என்று கண்ணாடிக்கு வெளியிலேயே நிற்கும் அப்பாக்கள் எத்தனையோ பேர். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். அதுதான் கங்காரு பராமரிப்பு. வழியில்லாமல் செய்தது பிறகு சிறந்த வழியாகிவிட்டது. இந்தியா, கானா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே இப்படி வைத்ததில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு, தலையை ஒரு பக்கம் திருப்பி, கால்கள் தவளை போல மடங்கியிருக்க, நெஞ்சோடு நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்பாவும் செய்யலாம்.

ஆனால் தொடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. பாசத்தில் விரல் நுனியால் முதுகை வருடுவோம். 28, 29 வாரக் குழந்தைக்கு அந்த வருடல் எரிச்சல்தான். விரல்களை விரித்துக்கொள்ளும், விக்கல் எடுக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "போதும்" என்று அது சொல்கிறது. வருடாமல், ஒரு கையை உச்சந்தலையிலும் இன்னொரு கையைப் பாதங்களிலும் அசையாமல் இதமாக வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மானிட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 92 சதவீதம் என்று காட்டினால் "ஏன் 100 வைக்கவில்லை?" என்று செவிலியரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90-லிருந்து 95-க்குள் இருப்பதுதான் பொதுவான இலக்கு. 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பிறகுதான் காரணம் புரிந்தது.

இந்தக் கண் விஷயத்தில் நடக்கும் தவறுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் பிரசவ தேதியை ஒட்டித்தான் வளர்ந்து முடிகின்றன. முன்னதாகப் பிறந்தால் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. கண் பளபளவென்று இருக்கும். அதனால் பிறந்த நான்காவது வாரத்தையொட்டி முதல் பரிசோதனை வருகிறது, பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகும் சமயத்தில்தான். "எடை ஏறிவிட்டது, வீட்டுக்குப் போய்விட்டோம், அடுத்த மாதம் காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். தீவிரமான நிலையைக் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ போட வேண்டிய நோய் இது. ஒரு மாதம் தள்ளினால் பார்வை போய்விடலாம். ஒருமுறை பார்த்து "சரி" என்று சொன்னாலும் அடுத்த தேதி கொடுத்திருந்தால் போயே ஆக வேண்டும்.

வீட்டில், மல்லாக்கத்தான் தூங்க வைக்க வேண்டும். என்ஐசியூவில் குப்புறப் படுக்க வைக்க முடிந்தது, மானிட்டர் மாட்டிக் கண்காணித்துக்கொண்டிருந்ததால்தான். புகைபிடிப்பவர் அருகில் வேண்டாம், சளி இருமல் உள்ளவர் பார்க்க வர வேண்டாம். இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். அப்புறம், காய்ச்சல் இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைக்குத் தொற்று வந்தால் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம். நன்றாகக் குடித்த குழந்தை திடீரென்று குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, நீலம் பாய்வது, வலிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

பிறகு வயதுக் கணக்கு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு மாதம் என்றால், வளர்ச்சியை ஆறு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயதுவரை இப்படித்தான் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் தவிர, பிறந்த தேதிப்படியே போட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தை உட்கார்ந்துவிட்டதே என்று கவலைப்படுகிறார்கள்.

கழித்துப் பார்த்த பிறகும் நான்கு மாதத்தில் தலை நிற்கவில்லை, கை எப்போதும் முஷ்டியாகவே இருக்கிறது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையால் மட்டும் எல்லாவற்றையும் எடுக்கிறது என்றால், "குறைமாதம்தானே, மெதுவாக வரும்" என்று காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, தேவையென்றால் பிசியோதெரபியைத் தொடங்கிவிடுங்கள். மூளை மிக வேகமாகக் கற்றுக்கொள்ளும் மாதங்கள் அவை.