பிடித்த பாட்டையும் புத்தகத்தையும் கேட்டு எழுதுவது எப்படி: உள்மலர் தயாரிப்பவர்களுக்கு

மருத்துவமனை, கல்லூரி, தணிக்கை அலுவலகம் என எங்கே உள்மலர் (பணியாளர்களுக்காக நிறுவனமே நடத்தும் இதழ்) நடத்தினாலும், அதில் பணியாளரை அறிமுகப்படுத்தும் பக்கம் ஒன்று இருக்கும். பட்டம், அனுபவம், வகித்த பொறுப்புகள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ‘பிடித்த பாடல்’, ‘பிடித்த புத்தகம்’ என்று இரண்டு வரிகள் வரும். பல ஆண்டுகளாக இத்தகைய பக்கத்தைத் தயாரித்து வருகிறேன். வாசகர்கள் முதலில் தேடிப் படிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான். நாம் அவசரமாக நிரப்பி அனுப்புவதும் அவற்றைத்தான்.

முதலில் படிவத்தைக் கைவிடுங்கள். மின்னஞ்சலில் வரும் படிவத்தை நிரப்புகிறவர், மேலதிகாரியும் அதைப் படிப்பார் என்ற நினைப்போடுதான் எழுதுவார். எனவே திருக்குறள், பாரதியார் கவிதைகள், ஒரு பக்திப் பாடல் என்று மரியாதையான விடைகள் வரிசையாக வந்து நிற்கும். அவை பொய் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அந்த விடையைக் கொண்டு ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்து அறிய முடியாது. நேரில் போய்ப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மருத்துவரை வெளிநோயாளிகள் பார்வை முடிந்த பிறகு பாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலை மாதத்தில் ஆடிட்டரிடம் போகவே வேண்டாம்.

கேள்வியை அமைக்கும் விதத்தில் நமக்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. ராய் பிளம்லி 1942-ல் பிபிசி வானொலியில் தொடங்கி, இன்றும் ஒலிபரப்பாகி வரும் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியில், ஆளில்லாத தீவில் ஒதுங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு விருந்தினர் எட்டு இசைத்தட்டுகளையும், ஒரு புத்தகத்தையும், ஒரு சொகுசுப் பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பைபிளும் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பும் தீவில் ஏற்கெனவே இருக்கும் என்பது வழக்கம். அவையிரண்டும் முன்கூட்டியே கையில் கிடைத்துவிடுவதால், விருந்தினர் தமக்கென்று வேறொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாமும் அப்படியே, “திருக்குறள் உங்கள் மேசையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் சார், அதற்கு அடுத்தது என்ன?” என்று கேட்கலாம்.

இப்படி நான் கேட்டபோது, கண்டிப்புக்குப் பெயர் போன மூத்த ஆடிட்டர் ஒருவர் சற்று யோசித்துவிட்டு, “நாளைக்கு வாங்க, கொண்டு வர்றேன்” என்றார். மறுநாள் அவர் எடுத்து வந்தது, வார இதழில் வந்த தொடர்கதையை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்த ஒரு தடித்த தொகுப்பு. கதைக்கு நடுவே சோப்பு விளம்பரமும், முடிவு தெரியாத ஒரு சிறுகதையின் பாதியும் இருந்தன. பக்க ஓரங்களில் பென்சிலால் பால் அரைப்படி, சலவைக்குப் போட்ட துணி எத்தனை என்று தேதி வாரியாகக் கணக்கு எழுதியிருந்தது. “அம்மா எழுத்து” என்று மட்டும் சொன்னார். கதையைப் பற்றி அவர் பேசிய எதையும் நான் எழுதவில்லை. அந்த ஓரங்களைப் பற்றி எழுதினேன். ஆகவே, முடிந்தால் புத்தகத்தையே கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கே வாங்கியது, யார் கொடுத்தது, எந்தப் பக்கம் தானாகத் திறக்கிறது என்பவை பெயரைவிட அதிகம் பேசும்.

திருக்குறள்தான் என்று ஒருவர் உறுதியாக நின்றால் மறுக்காதீர்கள். எந்தக் குறள், எப்போது கைகொடுத்தது என்று கேளுங்கள். அப்துல் கலாம் தமக்குப் பிடித்த நூல்களில் திருக்குறளையும், லிலியன் வாட்சன் தொகுத்த ‘லைட் ஃப்ரம் மெனி லாம்ப்ஸ்’ நூலையும் சேர்த்தே சொல்லி வந்தார். இரண்டாவது நூலை 1953-ல் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் வாங்கியதாக அவர் சொன்னதும், அறிவியலாளரும் குடியரசுத் தலைவரும் பின்னுக்குப் போய், பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் நிற்கும் ஓர் இளைஞர் நம் கண்ணில் தெரிகிறார்.

“எனக்குப் பாட்டெல்லாம் கிடையாதுங்க” என்று சிலர் சொல்வார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குள்ளும் ஒரு கதை இருக்கக்கூடும். ‘பீகிள்’ கப்பல் பயணத்தின்போது, தரையிறங்கிச் சென்ற இடங்களுக்கு ஒரே ஒரு நூலைத்தான் கொண்டுபோக முடியும் என்றால் மில்டனின் கவிதையையே எடுத்துச் சென்ற சார்லஸ் டார்வின், முதுமையில் தம்மால் ஒரு வரிக் கவிதையைக்கூடப் பொறுக்க முடியவில்லை என்று தன்வரலாற்றில் வருந்தி எழுதினார். மீண்டும் வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கவிதை படிக்கவும் இசை கேட்கவும் விதி வைத்துக்கொள்வேன் என்றார். அதே பக்கங்களில், நாவல்களைப் பிறர் வாசிக்கக் கேட்பது மட்டும் இன்னும் பிடிக்கிறது என்றும், சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராகச் சட்டமே கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அந்த மனிதரை எனக்கு நெருக்கமாக்கியது இந்தப் பகுதிதான்.

பாட்டுக்கு வேறு அணுகுமுறை வேண்டும். பிடித்தது எது என்பதைவிட, முதலில் எங்கே கேட்டீர்கள் என்று தொடங்குங்கள்: வானொலியிலா, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலா, ஊருக்குப் போகும் இரவுப் பேருந்திலா? கூட வேலை செய்கிறவர்களையும் விசாரியுங்கள். அறுவை அரங்கில் மெல்லிய ஒலியில் பழைய பாடல்கள் கேட்கும் மருத்துவர் ஒருவரைப் பற்றி, அங்கே பணிபுரியும் செவிலியர் அக்கா சொன்ன ஒரு தகவலை அவரே சொல்லியிருக்க மாட்டார்: “தையல் போடும்போது கூடவே முணுமுணுப்பார், பாட்டை நிறுத்தச் சொன்னாரென்றால் நாங்கள் யாரும் மூச்சுவிட மாட்டோம்.” ஒருவர் வரியைத் தவறாகப் பாடினால் அங்கேயே திருத்தாதீர்கள், திருத்தியதும் அவர் பேச்சு நின்றுவிடும்.

எழுதும்போது ஓர் ஆளுக்கு நூற்றைம்பது சொற்கள் போதும். ரசனையை மதிப்பிட வேண்டாம். ‘மென்மையான உள்ளம் கொண்டவர்’ என்பன போன்ற அடைமொழிகளும் வேண்டாம். நோயாளி, வாடிக்கையாளர், மாணவர் ஆகியோரை அடையாளம் காட்டும் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. முழுப் பாடலையும் அச்சிடாமல் முதலடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக்கு அனுப்புமுன் பக்கத்தை உரியவரிடம் காட்டுங்கள். நாம் கேட்டது அலுவலகச் செய்தி இல்லை. அவர் வீட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது. ஒரு வரியை நீக்கச் சொன்னால், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும் காரணம் கேட்காமல் நீக்கிவிட வேண்டும்.

அந்த ஆடிட்டரிடமும் காட்டினேன். ‘அம்மாவின் கையெழுத்து’ என்று நான் எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் அடித்து, ‘பெரியம்மா’ என்று திருத்தியிருந்தார். சிறுவயதிலிருந்து தம்மை வளர்த்தவரை அம்மா என்றே கூப்பிட்டுப் பழகியதாகவும், அச்சில் சரியான உறவுமுறையே வரட்டும் என்றும் சொன்னார். பிறகு என் பேனாவை வாங்கி, பக்கத்திலேயே பெரியம்மாவின் பெயரையும் எழுதிக் கொடுத்தார்.