புரோக்கை வீழ்த்த வைன் விப்

போக்கிமான் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் (2004) ஆட்டங்களில் தொடக்கப் போக்கிமானாகப் பல்பசாரைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதை 10ஆம் நிலைக்கு ஏற்றிய பிறகே புரோக் தலைவராக இருக்கும் பியூட்டர் நகர ஜிம்முக்குள் (சண்டைக் கூடம்) போங்கள். அந்த நிலையில்தான் வைன் விப் என்ற புல் வகைத் தாக்குதல் கிடைக்கும்.

அதன் அடிப்படை வலிமை வெறும் 35. ஆனால் புரோக்கின் ஜியோடூட் (நிலை 12), ஆனிக்ஸ் (நிலை 14) இரண்டுமே பாறை, நிலம் என இரட்டை வகை. புல் வகைத் தாக்குதல் அந்த இரு வகைகளையும் இரட்டிப்பாகத் தாக்குவதால் 4 மடங்கு. பல்பசாரும் புல் வகை என்பதால் இன்னும் ஒன்றரை மடங்கு. மொத்தம் 6 மடங்கு! அடிப்பதோ டிஃபென்ஸை (ஃபிசிக்கல் தாக்குதலைத் தாங்கும் திறன்) அல்ல, ஸ்பெஷல் டிஃபென்ஸை (ஸ்பெஷல் தாக்குதலைத் தாங்கும் திறன்). ஆனிக்ஸுக்கு டிஃபென்ஸ் 160, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 45தான். டிஃபென்ஸை அடிக்கும் டாக்கிள் என்ற தாக்குதல் அங்கே எடுபடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிடியன் காட்டில் வைன் விப்பை வீணாக்காதீர்கள். பிபி (பயன்படுத்தக்கூடிய தடவைகள்) 10தான், அங்கே வரும் வீடில் என்ற போக்கிமான் மீது கால் பங்கே பலிக்கும், அங்கே டாக்கிளே போதும். ஜிம்முக்கு முன் போக்கிமான் சென்டரில் பிபியை நிரப்பிக்கொள்ளுங்கள்.

பின்னர் வந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்கள் முதல் வைன் விப் டிஃபென்ஸை அடிக்கும் ஃபிசிக்கல் தாக்குதல். டிஃபென்ஸ் மிகுந்த எதிரிகளிடம் அங்கே இதே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.