மூன்று சுழி ‘ண’வை அச்சிட்டுப் பார்ப்போம்

ஓர் எழுத்தைக் கண்டவுடன் வாசித்துவிடுகிறோம். அதன் வடிவத்தை நின்று பார்ப்பதே இல்லை. லினோலியம் என்ற மென்மையான தகட்டில் செதுக்கி, மை பூசித் தாளில் ஒற்றி எடுக்கும் லினோ அச்சு அந்த அவசரத்தை நிறுத்திவைக்கும்.

சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் உருவாக முன்னின்றவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசையில் மலையாளத்தைப் போன்ற எழுத்துகள் நிறைந்திருக்கும். கிட்டே போய் வாசிக்க முயன்றால் ஒரு சொல்லும் பிடிபடாது. வாசிக்கத் துடிக்கும் கண்ணும் வாசிக்க விடாத கோடும் மோதும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். அதைத்தான் இன்று ஒரே எழுத்தில் செய்து பார்க்கப் போகிறோம்.

தேவையானவை: 10 செ.மீ. சதுர லினோ தகடு, ‘வி’ வடிவ முனை கொண்ட செதுக்கு உளி, ரப்பர் உருளை, நீரில் கரையும் அச்சு மை, ஒரு கண்ணாடித் துண்டு, மெல்லிய தாள்கள், மரக்கரண்டி.

முதலில் தகட்டில் ‘ண’வைப் பெரிதாக எழுதுங்கள். இடப்பக்கச் சுழி தகட்டின் ஓரத்தில் வெட்டுப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். அச்சில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் வழக்கமாக எழுத்தைத் திருப்பி எழுதுவார்கள். நாம் நேராகவே எழுதுவோம். அது புரண்டு விழுவதுதான் நமக்கு வேண்டும்.

அடுத்தது செதுக்கல். தகட்டைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகிக்கொடுக்கும். உளியைத் தாழ்வாகப் பிடித்து, வரைந்த கோட்டின் மேலேயே தள்ளுங்கள். தகட்டைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். சுழி வரும்போது உளியைத் திருப்பாதீர்கள். உளி நேராகப் போகட்டும், தகட்டை மெல்லச் சுழற்றுங்கள். பள்ளிக்கூடத்தில் ‘மூன்று சுழி’ என்று வாயால் சொன்னதை அப்போது கை எண்ணும். இரண்டாவது சுழியிலேயே அது ‘ண’ என்பது எனக்கு மறந்துவிட்டது.

பள்ளமான இடத்தில் மை ஒட்டாது. எனவே கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளைக் கோடாக வரும்.

கண்ணாடியில் சிறிது மை வைத்து உருளையை ஓட்டுங்கள். மை அதிகமென்றால் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக நிற்கும். அதை அப்படியே பூசினால் மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்ளும். சரியான அளவில் பரவியதும் உருளை மெலிதாகச் சீறும். அந்த ஓசை வரும்வரை பொறுங்கள். பிறகு தகட்டில் பூசி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள்.

இனி, ஒரு பெரிய தாளில் அதே தகட்டை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் வட்டம் திருப்பி, ஒட்டி ஒட்டி அச்சிடுங்கள். ஒவ்வொரு முறைக்கும் புதிதாக மை பூச வேண்டும். வெட்டுப்பட்ட சுழிகளும் நேர்கோடுகளும் பக்கத்துச் சதுரத்தில் புதிய துணை தேடும்.

காய்ந்ததும் யாரிடமாவது காட்டி, “என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி என் தாளைப் பார்த்து “நத்தைகள்” என்றாள். உங்களிடம் யாராவது உடனே “ண” என்று சொல்லிவிட்டால், அடுத்த தகட்டில் வலப்பக்க நேர்கோட்டையும் ஓரத்துக்கு வெளியே தள்ளி எழுதிப் பாருங்கள்.