எழுத்தை ஒலியோடு சேர்த்துப் பழக்குவது எப்படி

சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் படத்தை முதலில் நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இ-க்கு இலை, உ-க்கு உரல், ஐ-க்கு ஐந்து என்று போட்டிருக்கும். ஆனால் பேச்சில் நம்மில் பலருக்கு இலை 'எல'தான், உரல் 'ஒரல்'தான், ஐந்து 'அஞ்சு'தான். நான்கு வயதுக் குழந்தை இலைப் படத்தைக் காட்டி "எ" என்று சொன்னால் அதன் காது நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், திருத்த வேண்டியது படத்தை. இ-க்கு இட்லி, இஞ்சி எடுங்கள், உ-க்கு உப்பு, உண்டியல், ஐ-க்கு ஐஸ். பேசும்போதும் முதல் ஒலி மாறாத சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எழுத்தைக் காட்டுவதற்கு முன்பே காதைப் பழக்கலாம். கை தட்டித் தட்டிச் சொல்லைப் பிரியுங்கள்: அம்-மா, தக்-கா-ளி, பம்-ப-ரம். சமையலறையில் 'க'வில் தொடங்குவது என்னென்ன என்று கேளுங்கள், கரண்டி, கத்தி, கடுகு என்று அதுவே தேடிச் சொல்லும். சொல்லுக்குள் துண்டுகள் இருக்கின்றன என்று தெரிந்த குழந்தைக்குத்தான் எழுத்து எதற்கு என்று புரியும்.

அப்புறம் எழுத்து. அ முதல் ஔ வரை முடித்துவிட்டுத்தான் க-வுக்குப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ட, ப, ம மூன்றும் எழுத எளிது, புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று உடனே நான்கு சொற்கள் படிக்கலாம். ர வந்தால் மரம், பம்பரம். 247 எழுத்தையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு சொல்லைப் படிக்கத் திணறுவதையும், பத்து எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை கடைப் பலகையைப் படித்துவிட்டுத் துள்ளுவதையும் பார்த்தால் எது முக்கியம் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். மெய்யெழுத்தை நாம் இக், இங், இச் என்று சொல்லிக் கொடுக்கிறோம், அதனால் குழந்தை பட்டத்தை "ப இட் ட இம்" என்று படிக்கும். அந்த 'இ' நாம் வாய்வசதிக்குச் சேர்த்தது, எழுத்தில் இல்லாதது. புள்ளி வைத்த எழுத்தை எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டியே சொல்லுங்கள்: பட், டம். ஆனா, ஆவன்னா என்ற பெயர்களும் அப்படித்தான், கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள்.

பட்டத்தில் ட அழுத்தமாக வருகிறது, படத்தில் மெலிகிறது. பம்பரத்தில் இரண்டு ப-வும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. இதற்கு விதி சொல்லத் தேவையில்லை, வீட்டில் தமிழ் கேட்டு வளர்கிற பிள்ளை என்ன சொல் என்று பிடிபட்டதும் தானே சரியாகச் சொல்லிவிடும். டொராண்டோவிலோ லண்டனிலோ வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளர்கிற பிள்ளைக்கு மட்டும் தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, பம்பரம் என்ற சொற்களில் வரும் ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப என்பதை ஜோடி எழுத்தாகவே சொல்லிக் காட்டுங்கள்.

உயிர்மெய்யில் ா, ி, ீ எளிது. கெ, கே, கை மூன்றும்தான் கஷ்டம், கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவதோ க். கொ, கோ-வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. குறியை வேறு நிறத்தில் எழுதி, குறியையும் எழுத்தையும் சேர்த்து ஒரே வட்டமிட்டு, வட்டத்துக்கு ஒரே சத்தம் என்று பழக்குங்கள். கு, சு, து, மு வரிசையில் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது, அதை முட்டை, துண்டு, சுண்டல் என்று சொல்லோடு சொல்லாகத்தான் பிடிக்க முடியும்.

அவசரம் வேண்டாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து படிக்க வைப்பதைத்தான் இலக்காக வைத்தது. யூகேஜியில் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று பிள்ளையை வாட்டாதீர்கள், தினமும் பத்து நிமிடம் போதும்.

பிள்ளை தானாக எழுதத் தொடங்கும்போது பழத்தைப் 'பலம்' என்றும், மரத்தை 'மறம்' என்றும் எழுதும். சிவப்பு மையை எடுக்காதீர்கள். கேட்ட ஒலிக்கு ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்திருக்கிறது, அதைப் பாராட்டிவிட்டுப் பக்கத்திலேயே சரியான சொல்லை எழுதி வையுங்கள். ல, ள, ழ வேறுபாடு படிக்கப் படிக்கத்தான் படியும். ந, ன-வுக்கு மட்டும் சுலப வழி உண்டு: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. இதை இரண்டாம் வகுப்பில் சொன்னால் போதும்.