சிலுவை தெரிந்ததும் படிக்க ஆரம்பிக்காதீர்கள்

போன வாரம் ஒரு பையன் வாட்ஸ்அப்பில் ஒரு கல்லின் படத்தை அனுப்பியிருந்தான். படம் திறப்பதற்குள் வாசிப்பு வந்துவிட்டது: "சார், மேலே சிலுவை இருக்கு, கீழே 'ஈசோ'ன்னு இருக்கு, ஒன்பதாம் நூற்றாண்டு." எழுத்துகளில் சாக்பீஸ் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்கியிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்.

கல்லை அளந்துகொள், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று குறித்துக்கொள் என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். தென்னிந்தியாவின் பழைய கிறிஸ்தவக் கல்வெட்டு, செப்பேடு பக்கம் புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எழுத்துக்கு முன்னால் அர்த்தத்தைப் படிப்பது

1547இல் பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் கோயில் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கற்பலகை கிடைத்தது. நடுவில் சிலுவை, அதைச் சுற்றி வளைவாக ஓடும் ஒரு வரி எழுத்து. அங்கிருந்த யாருக்கும் அது பிடிபடவில்லை. கற்றறிந்த பிராமணர் ஒருவரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார்கள். அவரும் படித்தார். அப்போஸ்தலர் தோமாவின் கதை நீளமாக வந்தது. இவ்வளவு சின்ன வரியில் அவ்வளவு பெரிய கதை எப்படி அடங்கும் என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு, கேட்டவர்களுக்கு அது பிடித்திருந்தது.

அது பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து என்று ஆங்கிலேய அறிஞர் பர்னல் எழுதியது 1873இல். சரி, மொழி தெரிந்துவிட்டது, இனி பிரச்சினை இல்லை என்று நினைப்போம். பர்னலுக்குக் கிடைத்ததோ சிலுவைப்பாடு, மெய்யான மேசியா, மேலே உள்ள கடவுள் என்று ஒரு முழு இறையியல். 1920களின் கடைசியில் விங்க்வர்த் என்ற இன்னொரு ஆய்வாளர் அதே வரியைப் படித்தபோது இறையியல் போய் ஒரு மனிதன் வந்து நின்றான்: ஆண்டவர் கிறிஸ்துவே, இதைச் செதுக்கிய இன்னாருக்கு, சஹார்புக்தின் மகனுக்கு, இரங்கும். அந்த 'இன்னார்' யார் என்பதில் மறுபடி தகராறு. விங்க்வர்த் 'அஃப்ராஸ்' என்றார். 2002இல் இத்தாலிய ஆய்வாளர் செரெத்தி 'சப்ரீசோ' என்றார். செதுக்கினானா, கொண்டுவந்தானா என்பதிலும் இழுபறி.

இவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. பஹ்லவியில் ந, வ, ர மூன்றுக்கும் ஒரே கீற்றுதான் வரும். எதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறோமோ அது தெரியும். நம் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தும் தேய்ந்துபோனால் அப்படித்தான்.

என் கதைக்கு வருகிறேன். ஒரு வயல் வரப்பில் நின்ற கல். மேலே சிலுவை மாதிரி ஒரு குறி, கீழே நாலைந்து வட்டெழுத்து. அந்த மாதம் முழுக்க நான் தரிசாப்பள்ளிச் செப்பேட்டோடு, அதாவது கேரளத்துக் கொல்லத்தில் இருந்த ஒரு பழைய சர்ச்சுக்குக் கொடுத்த செப்பேட்டோடு, மாரடித்துக்கொண்டிருந்தேன். அதில் வரும் கிறிஸ்தவ வணிகர் ஒருவர் பெயர் மருவான் சபீர் ஈசோ. 'ஈசோ' என்றால் இயேசு. கல்லில் 'ஈ' தெளிவாக இருந்தது, அடுத்து 'ச'. அவ்வளவு போதுமே! சாக்பீஸ் எடுத்தேன், நிரப்பினேன், படம் பிடித்தேன். ஒரு சிற்றிதழில் கட்டுரையும் வந்தது.

மூன்று மாதம் கழித்து என் ஆசிரியர் அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத்தாள் ஒட்டித் தட்டி மைப்படி எடுத்தார். காய்ந்த படியை என் முன்னால் விரித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கொம்பு எங்கேப்பா?"

'சோ' என்றால் 'ச'வுக்கு முன்னால் கொம்பு வேண்டும், பின்னால் கால் வேண்டும். கால் இருந்தது. கொம்பு என்று நான் சாக்பீஸில் வரைந்தது கல்லில் தெறித்த ஒரு சில்லு. அப்படியானால் அது 'சா'. அடுத்து, நான் கண்டுகொள்ளாமல் விட்ட 'ன'. ஈசான மூலை! கல் வடகிழக்கு எல்லையைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது. சிலுவை? சூலம். சிவன் கோயில் நிலத்துக்கு நடுகிற சூலக்கல். பக்கத்து முனைகள் இரண்டும் தேய்ந்து படுத்துவிட்டன. மறுப்பு எழுதி அனுப்பினேன், அதுவும் அச்சில் வந்தது. ஆனால் முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், மறுப்பை ஒருத்தரும் காட்டுவதில்லை. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதல் நாள் எழுத்தை மட்டும் வரைவேன், ஒலி கொடுக்க மாட்டேன். தெரியாத இடத்தில் புள்ளி வைப்பேன். மறுநாள்தான் சொல்லாகச் சேர்ப்பேன். இதே வாசகம் வேறு கல்லில் இருந்தால் இன்னும் நல்லது. பரங்கிமலை வாசகம் கேரளத்தில் கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம் சிலுவைகளிலும் இருக்கிறது. ஒன்றில் சந்தேகமான எழுத்தை இன்னொன்றில் வைத்துப் பார்க்கலாம்.

சாக்பீஸ்

கூடாது.

'பள்ளி' என்றால் சர்ச் என்று எடுத்துக்கொள்வது

நம் கல்வெட்டுகளில் பள்ளி பெரும்பாலும் சமணருடையது, அல்லது பௌத்தருடையது. பள்ளிச்சந்தம் என்பது அவர்களுக்கு விட்ட நிலம். தரிசாப்பள்ளி சர்ச்தான், ஆனால் அது அந்த ஒரு சொல்லால் தெரிவதில்லை. உள்ளே இருக்கிற ஆட்களாலும் ஏற்பாடுகளாலும் தெரிகிறது.

எழுத்தை வைத்து மதம் சொல்வது

849ஆம் ஆண்டினது என்று கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிக் கையெழுத்துகள் கூஃபி என்னும் பழைய அரபி எழுத்தில், பஹ்லவியில், எபிரேய எழுத்தில் இருக்கின்றன. பஹ்லவியில் ஒப்பமிட்டவர்களில் கிறிஸ்தவரும் உண்டு, பார்சிகளின் மதமான ஜொராஷ்ட்ரிய மதத்தாரும் உண்டு. கொல்லம் துறைமுகம் அப்படி. பஹ்லவியைக் கண்டதும் "எல்லாரும் சிரியக் கிறிஸ்தவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

கோயிலின் வயதைக் கல்லுக்குக் கொடுப்பது

தலைகீழாகவும் செய்வார்கள். கோட்டயம் வலிய பள்ளியில் பஹ்லவிச் சிலுவை இரண்டு இருக்கின்றன. ஒன்று பழையது, மற்றது அதைப் பார்த்துப் பின்னாளில் செய்தது, அதில் கலாத்தியர் நிருபத்து வசனம் ஒன்று சிரிய மொழியிலும் இருக்கிறது. ஒரே கூரை, வேறு வேறு காலம்.

பையனுக்குப் பதில் போட்டேன்: சாக்பீஸைக் கழுவு, பிரஷ்ஷால் தேய்க்காதே, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது மறுபடி படம் எடு, 'ச'வுக்கு முன்னால் கொம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "இருக்கிற மாதிரிதான் சார் இருக்கு."