காலையில் நனைந்தது மாலைக்குள் காய வேண்டாமா? சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் மழையில் செய்யும் தவறுகள்

காலையில் நனைந்துகொண்டு போய்ச் சேருவதில் பெரிய கஷ்டம் இல்லை. வண்டியை நிறுத்தி, தலையைத் துவட்டி, மாற்றுச் சட்டை போட்டதும் அது மறந்துவிடும். கஷ்டம் மாலையில்தான் வரும். வெளியே மழை விட்டிருக்கும். காலையில் கழற்றிப் போட்ட சாக்ஸை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தால், சுருண்ட வாக்கிலேயே சில்லென்று கையில் ஒட்டும். அதைக் காலில் ஏற்றி, அதைவிடச் சில்லென்று கிடக்கும் ஷூவுக்குள் பாதத்தை நுழைக்கும்போது 'சதக்' என்று ஒரு சத்தம் வரும். மழைக்காலத்தில் பலர் சைக்கிளை ஓரங்கட்டிவிடுவதற்கு அந்தச் சத்தம்தான் காரணம் என்பது என் கணிப்பு.

நனையாமல் போவது எப்படி என்றே எல்லோரும் யோசிக்கிறார்கள். காசையும் அதற்கே கொட்டுகிறார்கள். என்ன போட்டாலும் கொஞ்சம் நனையத்தான் போகிறோம். எது நனையலாம், எது நனையக்கூடாது, நனைந்தது எட்டு மணி நேரத்துக்குள் எப்படிக் காயும் என்பதை யோசிக்காமல் விடுகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகள் பெரும்பாலும் அதிலிருந்து முளைத்தவைதான்.

மேலேயிருந்து வருவதை மட்டும் பார்ப்பது

மழை வானத்திலிருந்து வருகிறது, சரி. ஆனால் சைக்கிள்காரரைப் படாதபாடு படுத்துவது சாலையிலிருந்து வரும் தண்ணீர். பின்சக்கரம் அதை அள்ளி இடுப்பிலிருந்து பிடரிவரை ஒரு கோடு போடும். முன்சக்கரம் நேராக ஷூவையும் செயினையும் குறிபார்க்கும். மழை நின்று அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் இது நடக்கும். வானம் வெளுத்திருக்கும், முதுகு மட்டும் சேற்றுப் புள்ளியாக இருக்கும்.

இந்த இரண்டு தண்ணீரும் ஒன்றல்ல. மழைத் தண்ணீர் காய்ந்தால் தடம் இருக்காது. சாலைத் தண்ணீரில் மண்ணும் எண்ணெயும் கலந்திருப்பதால் காய்ந்த பிறகும் கறை நிற்கும், துவைத்தே ஆக வேண்டும். அதனால் மழைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், நான் ரெயின்கோட்டை விட்டுவிட்டு மட்கார்டு வாங்குவேன். அதுவும் சக்கரத்தின் வளைவோடு நீளமாக இறங்குகிற முழு மட்கார்டு. சீட்டுக்கு அடியில் செருகும் குட்டை மட்கார்டு முதுகைக் காப்பாற்றும், காலைக் காப்பாற்றாது. முன் மட்கார்டு பாதியிலேயே முடிந்துவிட்டால் அதன் கீழ்நுனியில் ஒரு ரப்பர் துண்டைத் தொங்கவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, இரண்டு துளை போட்டுக் கட்டினாலும் போதும். தரையிலிருந்து நாலைந்து விரல் உயரம்வரை இறங்கினால், ஷூவுக்குள் போகும் தண்ணீர் எவ்வளவு குறைகிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

ரெயின்கோட்டுக்குள் பெய்யும் மழை

பெடல் மிதிக்கும்போது தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடு. உடம்பு அதைத் தணிக்க வியர்க்கிறது. காற்றுப் புகாத கோட்டுக்குள் அந்த வியர்வை எங்கே போகும்? உட்பக்கத்தில் துளித்துளியாகப் படிந்து சட்டைக்கே திரும்பி வரும். 'கோட் ஒழுகுது' என்று குறைபட்டுக்கொள்பவர்களில் பலர் நனைந்தது தங்கள் வியர்வையில்தான். கண்டுபிடிப்பது சுலபம். கழுத்து ஓரம், தோள் தையல், ஜிப் வரிசை என்று இடம் இடமாக நனைந்திருந்தால் ஒழுகல். முதுகும் முன்கையும் ஒரே சீராக நசநசவென்று இருந்தால் வியர்வை.

கோர்-டெக்ஸ் போன்ற, நீராவியை மட்டும் வெளியே விடும் துணிகளுக்கும் எல்லை உண்டு. கோட்டுக்குள்ளே இருக்கும் ஈரப்பதம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால்தான் ஆவி வெளியே போகும். புழுக்கமான மழைநாளில் அந்த வித்தியாசம் குறைவு. மேல்துணி ஊறிவிட்டால் இருக்கிற வழியும் அடைபடும். புதிய கோட்டில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு விழும். பழையதில் பரவி, துணியின் நிறம் இருண்டுபோகும். அப்படி இருண்டால் மேல்பூச்சு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேபிளில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்திப் பாருங்கள், பூச்சு ஓரளவு உயிர்பெறும். இல்லையென்றால் பூச்சை மறுபடி ஏற்றும் திரவம் தேவைப்படும். துணியை மிருதுவாக்கும் திரவத்தில் மட்டும் இந்தக் கோட்டை அலசிவிடாதீர்கள். அது துணியின் மேல் ஒரு படலம் விட்டுவிடும். தண்ணீரைத் தள்ளும் குணமும் ஆவி போகும் வழியும் இரண்டுமே கெடும்.

வெதுவெதுப்பான மழையில் என் வழி வேறு. மெல்லிய பாலியெஸ்டர் சட்டை, அரைக்கால் சட்டை, தாராளமாக நனைந்துகொள்வது. போட்டுக்கொள்ள வேண்டியது பைக்குள் பத்திரமாக இருக்கும். கோட்டுக்குள் வெந்துகொண்டு போவதைவிட இது எவ்வளவோ மேல். நனைந்ததும் சீக்கிரம் காய்ந்துவிடும். குளிரில் இந்தத் துணிச்சல் கூடாது. தண்ணீர் அசையாத காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அதோடு சைக்கிள் வேகத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்தால் விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடிக்கவே திணற வேண்டியிருக்கும். அங்கே கோட் வேண்டும், உள்ளே கம்பளி வேண்டும். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீத ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தோலுக்கு நனைந்த உணர்வைக் கொடுக்காது.

ஜீன்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம்போல ஈரம் வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூட இல்லை. மழையில் ஊறிய ஜீன்ஸ் தொடையைப் பிடித்து இழுக்கும், இடுப்புப் பட்டையில் உரசிப் புண்ணாக்கும், மாலையில் எடுத்துப் பார்த்தால் தையல் ஓரமெல்லாம் இன்னும் ஈரமாகவே இருக்கும்.

இன்னொரு அவசரம் உண்டு. போய்ச் சேர்ந்த உடனே ஓடிப்போய் உடை மாற்றுவது. வண்டி நின்றதும் எதிர்க்காற்றும் நின்றுவிடும், உடம்புச் சூடு இறங்காது. வியர்வை அப்போதுதான் கொட்டும். காய்ந்த சட்டையை அந்த நேரத்தில் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் முதுகில் ஒட்டிக்கொள்ளும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். இறங்கி, முகம் கழுவி, கொஞ்சம் நின்று, அப்புறம் மாற்றுங்கள்.

போன்சோ, அதாவது தலை வழியாக மாட்டித் தளர்வாகத் தொங்கவிடும் மழை அங்கி பற்றி ஒரு வார்த்தை. காற்றோட்டத்துக்கு நல்லது, வியர்க்காது. பெருங்காற்றில் பாய்மரமாகிவிடும். பின்னால் தொங்கும் பகுதி விளக்கை மூடுகிறதா, சக்கரத்தில் சிக்குகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் போகாத பையை நம்புவது

'தண்ணீரைத் தாங்கும்' என்பதும் 'தண்ணீர் போகாது' என்பதும் ஒன்றல்ல. தூறலைத் தாங்கும் பை அரைமணி நேர மழையில் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் குடிக்க ஆரம்பிக்கும். முதுகுப்பைக்கு மேலே மாட்டும் உறையிலும் ஓர் ஓட்டை உண்டு, அது நம் முதுகுப் பக்கம். கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் பையின் பின்புறம் வடிந்து, உறையின் அடியில் குளம்போலத் தேங்கும். மடிக்கணினியின் ஓரம் சரியாக அங்கேதான் இருக்கும்.

வெளியே என்ன போட்டாலும் உள்ளே தடித்த பாலித்தீன் கவர் ஒன்று வையுங்கள். வாய் சுருட்டி மூடுகிற பையாக இருந்தால் குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும். நிறையத் திணித்துவிட்டு ஒரே சுற்றோடு கொக்கி மாட்டினால் அது சாதாரணப் பைதான்.

இதைவிடப் பெரிய தவறு மாலையில் நடக்கும். நனைந்த கோட்டைச் சுருட்டி அதே பையில் திணித்து, கணினியோடு சேர்த்து மூடிவிடுவது. தண்ணீரை உள்ளே விடாத பை, உள்ளே இருப்பதை வெளியே விடவும் விடாது. ஈரத்துக்கு ஒரு கவர், காய்ந்ததற்கு ஒரு கவர் என்று பிரித்து வைப்பதுதான் ஒரே வழி.

விளக்கு, போன் விஷயம் சுருக்கமாக. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் குறியீடு ஐ.பி.எக்ஸ். அதில் ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும், மூழ்கினால் தாங்காது. ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும். எதுவாக இருந்தாலும் சார்ஜ் துளையில் ஈரம் இருக்கும்போது கேபிளைச் செருகாதீர்கள்.

சூடு காட்டினால் போதும் என்று நினைப்பது

துணி காய்வதற்குச் சூட்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். நாற்காலி முதுகில் இரண்டாக மடித்துப் போட்ட சட்டை நாள் முழுக்கக் கிடந்தாலும் மடிப்புக்குள் ஈரமாகவே இருக்கும். ஹேங்கரில் விரித்து, பட்டனைத் திறந்து, பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, சின்ன ஃபேன் ஒன்றின் எதிரே தொங்கவிட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

அதற்கு முன்னால் பிழிய வேண்டும். பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். கையால் எவ்வளவு முறுக்கினாலும் துணியில் நிறையத் தண்ணீர் மிஞ்சும். காய்ந்த துண்டு ஒன்றைத் தரையில் விரியுங்கள். பிழிந்த சட்டையை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல இரண்டையும் சேர்த்துச் சுருட்டுங்கள். சுருளின் மேல் ஏறி நின்று ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மிதியுங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், சட்டையில் ஓதம் மட்டும் மிஞ்சியிருக்கும். சாக்ஸ், கையுறைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ரெயின்கோட்டை மட்டும் முறுக்கிப் பிழியாதீர்கள், உதறித் தொங்கவிட்டால் போதும்.

ஈரத் துணியை மூடி வைத்தால் வரும் முடைநாற்றத்துக்குக் காரணம் பாக்டீரியா. துவைத்த துணியில் வரும் ஈரவாடைக்குப் பின்னால் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிர் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். துணி காய்ந்தாலும் அது எளிதில் சாவதில்லை. காய்ந்தபோது வாசனை இல்லாத சட்டை, வியர்த்த அடுத்த நிமிடமே நாறுவது அதனால்தான். மேலே வாசனைத் திரவியம் அடித்து மறைப்பது வீண். துணி தாங்கினால் சுடுதண்ணீரில் துவைத்து, சட்டென்று காயவைக்க வேண்டும்.

ஷூவைத்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஹீட்டர் முன்னால் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விடும், தோல் வெடிக்கும். லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையை எடுத்துத் தனியே சாய்த்து வையுங்கள். உள்ளே செய்தித்தாளைக் கசக்கி, விரல் முனைவரை போகும்படி திணியுங்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். தாளை மாற்றுவதைத்தான் மறந்துவிடுகிறார்கள். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். அதை அப்படியே மாலைவரை விட்டால் ஈரத்தை உள்ளேயே அடைகாத்த மாதிரிதான். மூன்று தடவையாவது மாற்றுங்கள்.

ஷூவுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் கணுக்கால் வழியாக, காலில் வழிந்து இறங்கும். ஷூ உறை போட்டாலும் மழைப் பேன்ட்டை அதற்குள் செருகினால் உறையே வாளியாகிவிடும். பேன்ட் உறைக்கு வெளியே தொங்க வேண்டும். உறை இல்லாதவர்கள் சாக்ஸுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு ஷூ போட்டுப் பாருங்கள். கேவலமாகத்தான் இருக்கும், பாதம் கதகதப்பாக இருக்கும்.

வண்டியை மறந்துவிடுவது

கூரை இல்லாத இடத்தில் நிறுத்தினால் சீட்டை மூடுங்கள். மேலுறை கிழிந்த சீட்டின் நுரை, தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மேலே காய்ந்த மாதிரி காட்டி, உட்கார்ந்ததும் பேன்ட்டில் கக்கும். குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். தோல் சீட் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. ஊறிய தோல்மேல் உட்கார்ந்து ஓட்டினால் அது தொய்ந்துபோகும்.

வீடு சேர்ந்ததும் செயினை ஒரு பழந்துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். டபிள்யூ.டி-40 ஸ்பிரே அடித்துவிட்டேன், போதாதா என்பார்கள். 1953-ல் வந்த அந்தத் திரவத்தின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தண்ணீரை வெளியேற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி. ஈரத்தை விரட்டத்தான் அது. அதற்குப் பிறகு செயின் எண்ணெய் விடத்தான் வேண்டும்.

ரெயின்கோட்டையும் அன்றே விரித்துப் போட்டுவிடுங்கள். ஈரத்தோடு மடித்து மாதக்கணக்கில் வைத்தால் உட்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும்.

மாற்று உடையை எடுத்துவிட்டு அப்படியே விடுவது

வேலையிடத்தில் ஒரு பேன்ட், சட்டை, உள்ளாடை, இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு வைத்திருப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி. இவற்றை மழை இல்லாத நாளில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். நானும் வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை தொப்பலாக நனைந்து போய் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. நனைந்ததைக் காயவைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். செவ்வாய்க்கிழமை மறுபடி கொட்டியது. போய் அலமாரியைத் திறந்தால் ஒற்றைத் துண்டு மட்டும் இருந்தது, அதுவும் முந்தின நாளின் ஈரத்தோடு.