ஊருக்குக் கதைக்க ரெலிபோன் காட்: காசு கரையும் இடங்கள்

கனடாவில் ஸ்காபரோ தமிழ்க் கடைகளில் தொங்கும் ரெலிபோன் காட்டுகளில், அதாவது முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி ஊருக்குக் கதைக்கும் அட்டைகளில், நிமிடக் கணக்கைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. அந்த நிமிடத்தில் பெரும்பகுதி ஒரே கோலில் கதைத்து முடிப்பவருக்குத்தான் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டொலர் காட், இலங்கைக்கு 100 நிமிடம். நிமிடத்துக்கு 5 சதம். பின்பக்கப் பொடி எழுத்தில், கோலுக்கு 49 சதம் இணைப்புக் கட்டணம், மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு என்று இருக்கிறதென வையுங்கள். 4 நிமிடம் கதைத்தால் 6 நிமிடமாகப் பிடிப்பார்கள்: 30 சதம். இணைப்புக் கட்டணத்தோடு 79 சதம். ஆறு கோல் எடுத்ததும் மிச்சம் 26 சதம்; கதைத்ததோ 24 நிமிடம்தான். அதே 5 டொலரையும் ஒரே கோலாகக் கதைத்திருந்தால் 90 நிமிடம் வந்திருக்கும். அம்மாவிடம் நாளுக்கு நாலு வார்த்தை கதைப்பவர், நிமிடம் குறைந்தாலும் இணைப்புக் கட்டணம் இல்லாத காட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

முதல் கோலுக்குப் பிறகு வாராவாரம் பராமரிப்புக் கட்டணம் வெட்டும் காட்டுகளும் உண்டு. பாதி கதைத்துவிட்டு லாச்சியில் போட்டு வைத்தால் மிச்சக் காசு தானாகவே கரைந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்தாறை ஒன்றாக வாங்கி அடுக்கவும் வேண்டாம். அறிவிக்காமலே விலை மாறும்.

காட்டைப் பாவிக்க முதலில் அடிக்கும் இலக்கங்களில், 1-800 இலக்கம் இலவசம் என்று நம்பி அதிலேயே எடுப்பவர்கள் பலர். அந்த வழிக்கு நிமிட விலை பெரும்பாலும் கூட. 416 போன்ற உள்ளூர் இலக்கத்தில் எடுங்கள். ஆனால் கைபேசியில் எடுத்தால், உங்களுடையது நிமிடக் கணக்குள்ள திட்டமென்றால் அந்த நிமிடமும் சேர்ந்து போகும். ஊரில் வீட்டு ரெலிபோனுக்கும் கைபேசிக்கும் விலை வேறு வேறாக இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

இலக்கம் அடிப்பதிலும் பிழை விடுகிறார்கள். யாழ்ப்பாணத்து 021 இலக்கத்துக்கு முன்னால் உள்ள சுழியத்தை விட்டுவிட்டு, 011 94 21 என்று தொடங்க வேண்டும். பிழையான இலக்கத்தில் யாராவது எடுத்தாலும், குரல் அஞ்சல் எடுத்தாலும் இணைப்புக் கட்டணம் போய்விடும்.

வாங்கும்போதே, காட்டின் இரகசிய இலக்கத்தை மூடியிருக்கும் சுரண்டும் பகுதி பழுதில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கத்தியால் சுரண்டினால் இரகசிய இலக்கமும் சேர்ந்து அழிந்துவிடும். நாணயத்தால் மெல்லச் சுரண்டுங்கள். காசு முடியும்வரை காட்டை எறிய வேண்டாம். கோல் பாதியில் அறுந்து காசு வெட்டினால், காட்டின் பின்னால் உள்ள வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, இரகசிய இலக்கத்தையும் கோல் எடுத்த நேரத்தையும் சொல்லுங்கள்.